பழைய வாட்டர்கலரில் ஒரு சிதிலக் கோபுரம்: கம்பெனிக் காலத்து ஓவியங்களைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஆலம்வேர் பிளந்த கோபுரம், பாதி சரிந்த வளைவு, முன்னால் இரண்டு மாடு, ஓரத்தில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆள், பின்னால் மங்கிய வானம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வரைந்த இந்த மாதிரி படங்கள் இணையத்தில் அடிக்கடி சுற்றி வருகின்றன. கூடவே "200 ஆண்டுக்கு முன் மதுரை", "அன்றைய ஹம்பி" என்று ஒரு வரி இருக்கும். பார்ப்பவர்களும் புகைப்படத்தை நம்புவது போல நம்பிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் 1850களுக்கு முன் எடுத்த புகைப்படம் மிக மிகக் குறைவு. அதற்கு முன் ஒரு கோயிலோ கோட்டையோ மசூதியோ எப்படி நின்றது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்த ஓவியங்களை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. அதனால் இவற்றை ஒதுக்கவும் முடியாது, சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. கூண்டில் ஏறிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போலத்தான் ஒவ்வொரு படத்தையும் நடத்த வேண்டும் என்பது என் நிலை. எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கூடவே செய்துபாருங்கள், வெறுமனே படித்தால் கைக்கு வராது.

படி 1: நல்ல பிரதியைத் தேடுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஓரம் வெட்டியிருப்பார்கள், நிறத்தை ஏற்றியிருப்பார்கள், எந்தக் காட்சியகத்தில் இருக்கிறது என்ற தகவலும் போயிருக்கும். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம் ஆகிய நான்கிலும் இந்த வகை ஓவியங்கள் குவிந்து கிடக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் முடங்கின. அவர்களுடைய பல படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸில் பெரிய பிரதி உண்டு, அங்கே தேடுவது பெரும்பாலும் சுலபம். கொல்கத்தா விக்டோரியா மெமோரியலில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்களின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் பெரிய அளவில் இருக்கின்றன, வாய்ப்புக் கிடைத்தால் நேரிலேயே போய்ப் பாருங்கள்.

தேடும்போது இன்றைய ஊர்ப்பெயர் உதவாது, அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போட வேண்டும். தஞ்சாவூருக்கு டான்ஜோர், திருச்சிக்கு ட்ரிச்சினோபோலி, மாமல்லபுரத்துக்கு மாவலிபுரம் அல்லது செவன் பகோடாஸ், ஹம்பிக்கு பிஜாநகர். 'மதுரா' என்று வந்தால் அது பெரும்பாலும் நம் மதுரை, வடக்கே கிருஷ்ணன் பிறந்த மதுராவை அப்போது 'முத்ரா' என்று எழுதினார்கள். இது தெரியாமல் இரண்டு ஊர்ப் படங்களையும் கலந்துகட்டிப் பகிர்கிறவர்கள் நிறையப் பேர்.

பிரிட்டிஷ் நூலகத்தின் இருப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஆட். ஓர்.' என்று தொடங்கினால் இந்திய ஓவியர் வரைந்ததாக அவர்கள் வகைப்படுத்தியது, 'டபிள்யூ.டி.' என்றால் ஐரோப்பியச் சித்திரங்களின் வரிசை. ஆனால் நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் சேகரிப்பு பெரும்பாலும் அந்த இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறது, அதற்குள் இந்தியப் படவரைவாளர்கள் வரைந்தவையும் உண்டு. எண்ணைப் பார்த்தவுடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 2: கையால் வரைந்த ஓவியமா, அச்சா?

இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். வாட்டர்கலர் என்று பகிரப்படும் படங்களில் கணிசமானவை அக்வாடின்ட் அச்சுகள். செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அதிலிருந்து தாளில் அச்செடுத்து, மேலே கையால் வண்ணம் பூசியவை. தள்ளி நின்று பார்த்தால் வாட்டர்கலரைப் போலவே இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதானே அந்த முறையையே கண்டுபிடித்தார்கள்.

வானத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வலை பின்னினாற்போல நுண்ணிய மணிமணியான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. வண்ணம் குளம் கட்டி ஓரத்தில் மட்டும் அடர்ந்து காய்ந்திருந்தால், அடியில் பென்சில் கோடு தெரிந்தால், அது கையால் வரைந்தது. அச்சில் படத்துக்குக் கீழே வரைந்தவர், செதுக்கியவர், வெளியிட்ட தேதி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், தாளில் தகடு அழுந்திய தடமும் தெரியலாம்.

அப்புறம், அச்சில் இருக்கும் தேதி வெளியிட்ட தேதிதான். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையில் இறங்கி மைசூர்ப் பக்கம், திருச்சி, மதுரை, பாபநாசம் அருவி, கன்னியாகுமரிப் பக்கம், ராமேஸ்வரம், தஞ்சாவூர் என்று சுற்றி 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள். ஆனால் 'ஓரியண்டல் சீனரி' என்ற அவர்களுடைய 144 அச்சுகளும் லண்டனில் 1795 முதல் 1808 வரைதான் வெளிவந்தன. ஆக, பார்த்ததற்கும் வெளியிட்டதற்கும் நடுவே பல வருடங்கள். அந்த இடைவெளியில் மேகம் கூடும், ஆட்கள் இடம் மாறுவார்கள், மரம் முளைக்கும். அந்த இடத்திலேயே போட்ட பென்சில் சித்திரமோ வாட்டர்கலரோ கிடைத்தால் அதைத்தான் முதலில் நம்ப வேண்டும், அச்சு இரண்டாவது.

படி 3: யார் வரைந்தது, யார் காசு கொடுத்தது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

வில்லியம் ஹாட்ஜஸ் 1780 முதல் 1783 வரை இந்தியாவில் இருந்தார். கேப்டன் குக்கோடு பசிபிக் கடலைச் சுற்றிவிட்டு வந்தவர், தொழில்முறை நிலக்காட்சி ஓவியராக இங்கே வந்த முதல் ஆங்கிலேயர். வெளிச்சமும் மனநிலையும் அவருக்கு முக்கியம், தூண்களின் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. பின்னால் வந்த டேனியல்கள் துல்லியத்தில் பிடிவாதக்காரர்கள், எதிரே உள்ள காட்சியைத் தாளில் விழவைக்கும், லென்ஸும் கண்ணாடியும் வைத்த கேமரா ஆப்ஸ்க்யூரா என்ற பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஊர் ஊராகப் போனார்கள். ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி சிதிலம் என்றாலும் இவர்கள் இருவருடைய சாட்சியத்துக்கும் ஒரே மதிப்பைத் தர முடியாது.

காலின் மெக்கன்சி வேறு ரகம். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்த நில அளவையாளர், 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். 1799இல் ஹம்பியை அளந்து வரைபடம் போட்டார். ஆந்திரத்தில் உள்ள அமராவதி பௌத்த ஸ்தூபத்தை 1790களின் இறுதியில் முதலில் பார்த்தார், அப்போதே உள்ளூர் ஜமீன்தாரின் ஆட்கள் செங்கல்லுக்காகவும் கல்லுக்காகவும் அதைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். 1816இல் தன் படவரைவாளர்களோடு திரும்பி வந்து, மிச்சமிருந்த கல் சிற்பப் பலகைகளை ஒவ்வொன்றாக வரையவைத்தார். அப்படி வரையப்பட்ட சிற்பப் பலகைகளில் சில பிறகு காணாமலே போய்விட்டன, இன்று அவற்றுக்கு அந்தச் சித்திரம் ஒன்றுதான் ஆதாரம். அழகுக்காக வரைந்தவை இல்லை, ஒரு கோடுகூட வீண் போகாது. மெக்கன்சி சேகரிப்புப் படம் ஒன்று கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அளவுக்குறிப்பு எங்கே என்றுதான்.

இந்திய ஓவியர்களின் பெயரை வலிந்து தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பட்டியல்களில் 'உள்ளூர் ஓவியர் ஒருவர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், காசு கொடுத்த துரையின் பெயர் மட்டும் முழுதாக இருக்கும். சீதாராம் என்ற வங்காள ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு 1814-15இல் கல்கத்தாவிலிருந்து 200க்கும் மேற்பட்ட படகுகளோடு கங்கையில் மேற்கே போனபோது கூடப் போனவர். பத்து ஆல்பங்களில் 230 ஓவியங்கள் வரைந்திருக்கிறார். பிரிட்டிஷ் நூலகம் 1995இல் அந்த ஆல்பங்களை வாங்கும் வரை அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, இப்போதும் ஆல்பங்களுக்கு வெளியே அவர் வாழ்க்கையைப் பற்றி எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஈரமான வண்ணப் பூச்சும் மரங்களைக் கையாளும் விதமும் எந்த ஆங்கில வாட்டர்கலருக்கும் குறைந்ததில்லை. ஐரோப்பியப் பாணியில் இருக்கிறதென்றால் வரைந்தவர் ஐரோப்பியராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை சீதாராமின் ஒரே படம் உடைத்துவிடும்.

தில்லியில் குலாம் அலி கான், மஸ்ஹர் அலி கான் என்று இன்னொரு மரபு. முகலாய அரசவையில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த தாமஸ் மெட்காஃப், தன் மகள் எமிலிக்கு அனுப்புவதற்காக 1844இல் ஓர் ஆல்பம் தொகுத்தார். அதில் சுமார் 130 ஓவியங்கள், பெரும்பகுதி மஸ்ஹர் அலி கானின் கை. கல்லறைகள், மசூதிகள், பாழடைந்த அரண்மனைகள் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம், நடுநடுவே மெட்காஃபின் கையெழுத்தில் குறிப்புகள். மெஹ்ரோலியில் குலி கான் கல்லறையை அவர் தன் ஓய்வு வீடாகவே மாற்றிக்கொண்டவர். ஒரு கல்லறையில் குடியிருந்தவருடைய குறிப்பு அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள், தொனி புரியும்.

படி 4: கோடு, வண்ணம், காகிதம்

தில்லி, ஆக்ரா ஓவியர்கள் முகலாய நுண்ணோவியப் பட்டறைகளின் வழி வந்தவர்கள். கட்டடத்தை நேர் எதிரே நிறுத்தி, ஜாலி என்ற கல்வலை ஜன்னலின் ஒவ்வொரு துளையையும் மயிரிழைத் தூரிகையால் போடுவார்கள். வானம் வெறுமையாக இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள், சுற்றிலும் கறுப்புக் கோட்டில் கட்டம், அடியில் பாரசீக எழுத்தில் பெயர். பளிங்கு வெண்மைக்குக் கெட்டியான வெள்ளை வண்ணம் வைப்பார்கள். ஆங்கிலேயர் கைப்பழக்கம் இதற்கு நேர்மாறு: வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிடுவது, தூரத்தை நீலமும் சாம்பலுமாகக் கரைத்துவிடுவது. இரண்டும் கலந்த படங்கள் ஏராளம், அதனால் இது துப்பு மட்டுமே.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. அவுரி நீலம் வெளிச்சத்தில் வெளுக்கும். நீல வானம் வெளுத்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மிச்சம் நிற்கும், நாம் அதைப் பார்த்து 'அந்திப் பொழுது' என்று வர்ணிப்போம். இலைப்பச்சையில் கலந்த மஞ்சள் போய்விட்டால் மரம் நீலமாக நிற்கும். ஈய வெள்ளை கறுத்துப்போவதும் உண்டு, மாடத்தில் கறைபோலத் தெரிவது ஒரு காலத்தில் பளிச்சென்ற வெளிச்சமாக இருந்திருக்கலாம். ஆகவே நிறத்தை வைத்துக் காலையா மாலையா, சுவரில் பாசியா பூச்சா என்றெல்லாம் முடிவெடுக்காதீர்கள்.

காகிதத்தில் நீர்க்குறி, அதாவது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் ஆலை முத்திரை, இருந்தால் பட்டியலில் பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். ஜே. வாட்மன் என்ற ஆங்கிலக் காகிதம் இங்கே நிறைய வந்தது. 1794க்குப் பிறகு ஆங்கிலக் காகித ஆலைகள் வருடத்தையும் நீர்க்குறியில் போட ஆரம்பித்தன. '1816' என்று இருந்தால் ஓவியம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பிந்தையதாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஏனென்றால் காகிதம் கப்பலேறி வந்து கிடங்கில் கிடந்து பிறகுதான் ஓவியர் கைக்குப் போகும்.

எழுத்துக்குறிப்புகளையும் விடாதீர்கள். 1802இல் சென்னைக்கு வந்து ஐந்து வருடம்போல இங்கிருந்து பிறகு வங்காளம் போன ஜார்ஜ் சின்னரி, தன் சித்திரங்களில் சுருக்கெழுத்தில் குறிப்பு எழுதுவார். 1873-75இல் வந்த எட்வர்ட் லியர், இடத்தையும் தேதியையும், பல சமயம் நேரத்தையும்கூட, படத்தின் மேலேயே எழுதிவிடுவார், எங்கே என்ன நிறம் என்றும் எழுதிவைத்துவிட்டு வண்ணத்தைப் பிறகு ஆற அமரப் பூசுவார்.

படி 5: ஓவியர் எங்கே நின்றார்?

கூகுள் எர்த்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இரண்டு கட்டடங்கள் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தைப் பிடித்து, அந்தக் கோட்டை வரைபடத்தில் நீட்டினால் ஓவியர் நின்ற திசை கிடைக்கும். இன்னொரு ஜோடிக்கும் இதையே செய்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் அவர் நின்ற இடம். கோடுகள் வெட்டவே இல்லையென்றால் ஓவியர் எதையோ நகர்த்தியிருக்கிறார். உறுதியாக நின்ற சாட்சியம் எது, தள்ளாடியது எது என்று இந்த ஒரு சோதனையிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது நிழல். தில்லியில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், வடக்குச் சுவரில் கோடைகாலத்துக் காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் படுமே தவிர உச்சி வெயில் விழாது. ஆனால் இதே விதியை நம் பக்கம் கொண்டுவராதீர்கள். மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும், அப்போது வடக்குச் சுவர் வெளிச்சத்திலும் தெற்குச் சுவர் நிழலிலும் இருப்பது முழுக்கச் சரி. இது தெரியாமல் 'நிழல் தப்பு, படம் கற்பனை' என்று தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது.

படி 6: அழகுக்காகச் சேர்த்ததைத் தனியே பிரியுங்கள்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் 'பிக்சரெஸ்க்' என்று ஒரு ரசனை பரவியது, வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் அதற்குப் பெரிய பிரசாரகர். வழுவழுப்பான புதுக் கட்டடத்தைவிட உடைந்த சுவர் ரசிக்கத்தக்கது, ஒரு பக்கம் இருண்ட மரம், நடுவில் வெளிச்சம், தூரத்தில் மங்கிய மலை, அளவு காட்ட இரண்டு மனிதர்கள். இந்தச் சட்டகத்தை மனசில் சுமந்துகொண்டுதான் ஓவியர்கள் கப்பலேறினார்கள். எனவே படத்தின் முன்பகுதியைச் சந்தேகத்தோடும் நடுப்பகுதியை ஓரளவு நம்பிக்கையோடும் பாருங்கள். ஓரத்து மரம், உடைந்த தூண் துண்டு, தூங்கும் ஆள், மேயும் ஆடு எல்லாம் ஸ்டூடியோவில் சேர்ந்திருக்கக்கூடியவை. சுவரில் முளைத்த செடி நடுப்பகுதியில், கட்டடத்தோடு ஒட்டி, குறிப்பான ஓர் இடத்தில் இருந்தால் அது பார்த்து வரைந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைவிடக் கனமான ஒரு கேள்வி இருக்கிறது. இந்தச் சிதிலம் எப்படி வந்தது? படம் அதைச் சொல்லாது. காலம் தின்றுவிட்டது, இந்த ஊர்க்காரர்கள் விட்டுவிட்டார்கள் என்ற ஒரு மெல்லிய சோகத்தை மட்டும் கொடுக்கும். ஆனால் டேனியல்கள் 1792இல் தெற்கே வந்தது மூன்றாவது மைசூர்ப் போர் முடிந்த கையோடு, அவர்கள் வரைந்த மலைக்கோட்டைகள் அந்தப் போரில் கம்பெனிப் படை மோதிய கோட்டைகள். மதுரைக் கோட்டை 1763-64இல் மருதநாயகத்தை, அதாவது யூசுப் கானைப் பிடிப்பதற்காகக் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. அதிலிருந்து 28 வருடம்தான் ஆகியிருந்தது, முற்றுகையைப் பார்த்தவர்கள் ஊரில் உயிரோடு இருந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊர் லண்டன் வரவேற்பறையில் 'பண்டைய நாகரிகத்தின் மிச்சம்' ஆகிவிடுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஓவியர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் கையின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் பார்க்கிற நாம் அந்தச் சோகத்தை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. படத்துக்கு முந்தைய 50 வருடத்தில் அந்த ஊரில் என்ன போர், என்ன பஞ்சம், யார் ஆட்சி என்று ஒரு பக்கமாவது படித்துவிட்டு மறுபடி படத்தைப் பாருங்கள்.

படி 7: கட்டடத்தை வைத்தே காலத்தைக் கணியுங்கள்

கட்டடங்களில் எப்போது எது விழுந்தது, எது சேர்ந்தது என்று பதிவு இருந்தால் தேதி இல்லாத படத்துக்கும் ஒரு காலவரம்பு கிடைக்கும். இதில் மிக அருமையான உதாரணம் குதுப் மினார். 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் பழுதுபார்த்தபோது வைத்த மண்டபம் உச்சியில் இருந்தது, 1803 நிலநடுக்கத்தில் அது விழுந்தது. மேஜர் ராபர்ட் ஸ்மித் பழுதுபார்த்து 1828இல் வங்காள பாணியில் ஒரு சத்ரியை, அதாவது குடை போன்ற சிறு மண்டபத்தை, மேலே ஏற்றினார். பொருந்தவே இல்லை என்று பலரும் சொன்னதால் 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு அதை இறக்கவைத்தார், இன்றும் வளாகத்துப் புல்வெளியில் அது தனியே நிற்கிறது. ஆக, உச்சியில் பழைய மண்டபம் என்றால் 1803க்கு முன், ஸ்மித்தின் சத்ரி என்றால் 1828க்கும் 1848க்கும் நடுவே. மொட்டையாக இருந்தால் 1803-1828 அல்லது 1848க்குப் பின், இந்த இரண்டில் எது என்று பிரிக்கக் காகிதமும் குறிப்புகளும் வேண்டும். பழைய படத்தைப் பார்த்து யாரோ பிற்பாடு நகலெடுத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹம்பி விட்டல கோயில் கல்தேர் இன்னொன்று. நாம் 50 ரூபாய் நோட்டில் பார்க்கும் தேருக்கு மேலே ஒரு காலத்தில் செங்கல் விமானம் இருந்தது. அலெக்சாண்டர் கிரீன்லா 1856இல் எடுத்த புகைப்படத்தில் அது தெளிவாக நிற்கிறது, பிறகு 19ஆம் நூற்றாண்டிலேயே அதை எடுத்துவிட்டார்கள். '1800இல் வரைந்த ஹம்பி' என்று வரும் படத்தில் தேர் இன்றிருப்பது போல மொட்டையாக இருந்தால் தேதியைச் சந்தேகிக்கலாம்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் வேறு மாதிரி சோதனை. கோயிலுக்கு வடக்கே பள்ளத்தில் இருக்கும் பூவராகரும் சின்னச் சன்னதியும் மணலுக்கடியிலிருந்து 1990இல்தான் வெளியே வந்தன. கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள கல்தடுப்பும் 20ஆம் நூற்றாண்டு வேலை. இவை இரண்டில் ஒன்று 'பழைய' படத்தில் தெரிந்தால், படம் நேற்றையது.

தில்லிக்கு 1857 ஒரு கோடு. எழுச்சியை அடக்கிய பிறகு செங்கோட்டைக்குள் பெரும்பகுதிக் கட்டடங்களையும், அருகே இருந்த அக்பராபாதி மசூதியையும் பிரிட்டிஷார் இடித்தார்கள். அதனால்தான் மஸ்ஹர் அலி கானின் ஓவியங்களுக்கு அவ்வளவு மதிப்பு. அவர் 1846இல் செங்கோட்டையின் லாகூர் வாசல் மேலிருந்து தில்லியைச் சுற்றிவரப் பார்த்து வரைந்த நீளமான ஓவியத்தில், பதினோரு வருடத்தில் இல்லாமல் போகப்போகும் நகரம் வீடு வீடாக இருக்கிறது.

படி 8: மற்ற சாட்சிகளைக் கூப்பிடுங்கள்

ஒரே படத்தை வைத்து எதையும் முடிக்காதீர்கள், குறைந்தது மூன்று ஆதாரம் வேண்டும். மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இதைச் செய்துகாட்டுகிறேன்.

முதல் ஆதாரம் டேனியல்கள். 1792இல் பார்த்து, 'ஓரியண்டல் சீனரி'யின் இரண்டாம் தொகுதியில் மதுரை அரண்மனை இடிபாடுகள் என்ற தலைப்பில் அச்சாக்கினார்கள். இரண்டாவது லின்னேயஸ் டிரைப். சென்னை அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரை வந்து இதே மகாலைப் படமெடுத்தார். மூன்றாவது, 1866-72இல் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் கட்டடக்கலைஞர் சிஷோம் மேற்பார்வையில் நடந்த பழுதுபார்ப்பு. நான்காவது, இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் சொர்க்க விலாசமும் நாடக சாலையும்.

டேனியல் அச்சையும் டிரைப் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் தூண் தடிமனுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அளவுகோல் வைத்தே எடுங்கள், கேமராவோடு ஒத்துப்போனால் டேனியல்களின் கையை மற்ற இடங்களிலும் கூடுதலாக நம்பலாம். அடுத்து வளைவுகளின் வரிசையை எண்ணுங்கள். புகைப்படத்திலும் ஓவியத்திலும் இருக்கும் வெடிப்பு, உதிர்ந்த சுதை, சரிந்த மாடம் எவை என்று குறியுங்கள், அவை உறுதி. ஓவியத்தில் மட்டும் இருப்பவை இரண்டு வகை: 66 வருடத்தில் விழுந்தவை, அல்லது ஓவியர் சேர்த்தவை. கட்டடத்தோடு ஒட்டியிருந்து, கட்டுமானக் கணக்குக்குப் பொருந்தி வந்தால் முதல் வகை. கடைசியாக இன்றைய மகாலோடு ஒப்பிடுங்கள். நாம் 17ஆம் நூற்றாண்டு வேலை என்று அண்ணாந்து பார்க்கும் சுதைப் பூச்சில் எவ்வளவு சிஷோம் காலத்தில் நிரப்பியது என்று அப்போது தெரியவரும்.

மதுரைக் கோட்டை மதிலையும் கூடவே தேடுங்கள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1830களின் இறுதியிலும் 1840களிலும், மதிலை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகளையும் மாரட் வீதியையும் போட்டார்கள். அவர் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். மதிலோடு மதுரை தெரிகிற எந்தப் படமும் அதற்கு முன் பார்த்ததாகத்தான் இருக்க முடியும்.

தில்லிக்கு இதே வேலையைச் செய்ய சையது அகமது கான் 1847இல் வெளியிட்ட உருது நூலின் கட்டடச் சித்திரங்கள் உதவும். துரைமார்களுக்காக இல்லாமல் அந்த ஊர்க்காரரே தன் நகரத்தைப் பதிவு செய்தது என்பதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

படி 9: நேரில் போய் நில்லுங்கள்

படி 5இல் கண்டுபிடித்த இடத்துக்கு அச்செடுத்த பிரதியோடு போங்கள். அநேகமாக அந்த இடத்தில் ஒரு கடையோ காம்பவுண்டுச் சுவரோ இருக்கும், பக்கத்து மாடியில் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடுவார்கள். போன் கேமராவின் வைட் லென்ஸ் வேண்டாம், அது விகிதத்தை இழுத்துவிடும், சாதா லென்ஸிலேயே எடுங்கள். ஓவியத்தின் மாதம் தெரிந்தால் அதே மாதம், நிழல் காட்டும் அதே நேரம் போனால் இன்னும் நல்லது. அங்கே கட்டடத்தின் காவலாளியிடமோ, கோயில் என்றால் பட்டரிடமோ ஓதுவாரிடமோ படத்தைக் காட்டுங்கள். எந்த வாசல் எப்போது அடைபட்டது, எந்த மண்டபத்தை எந்தக் கும்பாபிஷேகத்தில் மாற்றினார்கள் என்பது பட்டியல்களில் இருக்காது, அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் அங்கே போனால்தான் உறைக்கும். ஆளில்லாத இடிபாடாகப் படத்தில் தெரிகிற பல கோயில்களில் அன்றும் பூஜை நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கார ஓவியரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள், அவர் வெளியே இருந்து பார்த்ததைத்தான் வரைந்தார். வெறிச்சோடிய வெளிப்பிராகாரத்துக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கும்.

படி 10: எழுதிவைப்பது, பாதுகாப்பது

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். படத்தில் கண்டது, வேறு ஆதாரத்தால் உறுதியானது, உங்கள் ஊகம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், கலக்காதீர்கள். பகிரும்போது காட்சியகத்தின் பெயர், இருப்பு எண், ஓவியர் பெயர், வாட்டர்கலரா அச்சா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஓவியர் இந்தியர் என்று தெரிந்தால் அவர் பெயரை முதலில் போடுங்கள், ஆல்பத்தின் சொந்தக்காரர் பெயர் பிறகு வரட்டும்.

உங்கள் வீட்டிலேயே பழைய அச்சோ ஓவியமோ இருந்தால் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்களில் வாட்டர்கலருக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விடுவதில்லை, அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை இறக்கி இருட்டில் வைத்துவிடுவார்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தாளில் பழுப்புப் புள்ளி சீக்கிரம் வரும், வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள், பின்பக்கம் காற்று போக ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பிரேம் மாற்றக் கொடுத்தால் பழைய பின்னட்டையைத் தூக்கிப் போடவேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஓவியர் பெயரும் தேதியும் விற்ற கடையின் சீட்டும் பல சமயம் அதில்தான் இருக்கும்.